யாழ். குடாநாட்டு முச்சக்கரவண்டிச் சாரதிகளின் கோரிக்கை மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர், மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.
வடக்கு மாகாணத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர்.
ஆணையாளர் நாயகம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

பிரதிகள்: தேசிய பொலிஸ் ஆணைக்குழு, அரசகரும மொழிகள் ஆணைக்குழு, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகம்.

பொருள்: தண்டச்சீட்டுகளைத் தமிழில் எழுதுதல், சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தடுத்து வைத்தல், வீதிச் சோதனையில் பொலிஸாரின் நடத்தை என்பன பற்றியது.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

யாழ்ப்பாண நகரிலும் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகப் பகுதிகளிலும் தரிப்பிடங்களில் நின்று முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கும் நாங்கள் எமது சங்கத்தின் தீர்மானப்படி இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றோம். சட்டத்திலிருந்து எமக்கு விலக்கு வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுபவரையும் அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இல்லாமல் ஓட்டுபவரையும் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. 2024 பெப்ரவரியில் இணுவில் புகையிரதக் கடவையில் ஒரு தந்தையும் அவருடைய கைக்குழந்தையும் உயிரிழந்தார்கள். இப்படியான விபத்துகள் நடக்கும் வீதிகளில்தான் விடிந்தால் பொழுதுபட்டால் நாங்கள் நிற்கிறோம். வீதியில் ஒழுங்கு வேண்டும் என்ற அக்கறை எங்களுக்கு உண்டு. அந்த ஒழுங்கு என்னவென்று எங்களுக்கு விளங்கும் மொழியில், எழுத்தில் தரப்பட வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

வண்டி மறிக்கப்படுகிறது. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் எடுத்து நீட்டுகிறோம். உத்தியோகத்தர் சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதுகிறார். படிவத்தின் அச்சில் தமிழ் இருந்தாலும், கையால் நிரப்பப்படும் பகுதி பல தடவைகளில் சிங்களத்திலேயே இருக்கிறது. என்ன குற்றம், எந்த இடம், எத்தனை மணி என்பதெல்லாம் அந்தப் பகுதியில்தான் வரும். கார்பன் பிரதியில் எழுத்து மங்கியும் இருக்கும். "என்ன பிழை சேர்?" என்று கேட்டால், அரைகுறைத் தமிழில் ஒரு சொல் கிடைக்கும், அல்லது "கோட்டுக்கு வா" என்ற அதட்டல் கிடைக்கும். தண்டம் கட்டத் தபாற்கந்தோருக்குப் போய், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகே தாங்கள் செய்த குற்றம் இன்னதென்று அறிந்துகொண்ட உறுப்பினர்கள் எம்மிடம் இருக்கிறார்கள். வாசிக்க முடியாத வரிகளுக்குக் கீழே கையொப்பம் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை என்பதற்கு அரசியலமைப்பே சான்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16 ஆவது திருத்தத்தின்படி அமைந்த 22 ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்றும், பொதுப் பதிவேடுகளும் அலுவல்களும் தமிழில் நடைபெற வேண்டும் என்றும் விதிக்கிறது. நீதிமன்ற மொழியை 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது. வழக்கின் முதல் ஆவணமான தண்டச்சீட்டு மட்டும் வேறு மொழியில் பிறப்பதற்கு நியாயம் என்ன? கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணிநேரமும் இருக்க வேண்டும் என்றும், முறைப்பாட்டாளரின் வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியில் பதியப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசாங்கங்கள் மாறிவிட்டன, அந்தப் பரிந்துரை இன்னும் வீதிக்கு வந்து சேரவில்லை.

ஆகவே, குடாநாட்டின் எந்தப் பொலிஸ் பிரிவிலும் எழுதப்படும் தண்டச்சீட்டின் கையெழுத்துப் பகுதி தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். தமிழ் எழுதத் தெரியாதவர் கடமையில் இருந்தால், குற்றப் பெயர்கள் தமிழில் அச்சிடப்பட்டு, உரியதற்கு எதிரே அடையாளமிடும் படிவத்தை அவருக்குக் கொடுக்கலாம். அதற்கு ஒரு அச்சகமும் ஒரு சுற்றறிக்கையும் போதும். உத்தியோகத்தரின் பதிவிலக்கம் தெளிவாக எழுதப்பட வேண்டும். தண்டத்தை ஏற்காமல் நீதவான் முன் சென்று வாதாடும் உரிமை சாரதிக்கு உண்டு என்ற வரியும் அதே சீட்டில் தமிழில் இருக்க வேண்டும். நீதிமன்றம் போவதை ஓர் உரிமையாக எமக்குச் சொல்பவர் அரிது. மிரட்டலாகச் சொல்பவரே அதிகம்.

அடுத்து, அனுமதிப்பத்திரம். சீட்டு எழுதியதும் அனுமதிப்பத்திரம் பொலிஸாரின் கைக்குப் போய்விடுகிறது. சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபாற்கந்தோரில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தவறினால் அடுத்த 14 நாட்களுக்கு இருமடங்கு. அதன் பிறகு நீதிமன்றம். கடதாசியில் இது எளிது. காரைநகர்ச் சாரதி ஒருவர் கொடிகாமம் பக்கம் ஹயர் போய்ச் சீட்டு வாங்கினால் அவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். தபாற்கந்தோர் திறந்திருக்கும் நேரத்தில் பணம் கட்ட வேண்டும். பிறகு காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து கொடிகாமம் என்று இரண்டு பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தால், போக்குவரத்துப் பிரிவில் பொறுப்பானவர் வீதிக் கடமைக்குப் போயிருப்பார். பின்னேரம் வா என்பார்கள். நெடுந்தீவுக்காரர் என்றால் குறிகாட்டுவானில் படகு நேரமும் பார்க்க வேண்டும். அன்றைய ஓட்டம் போயிற்று. வண்டி லீசிங்கில் எடுத்ததென்றால் அந்த நாளின் தவணைப் பணமும் கையை விட்டுப் போயிற்று. தண்டப்பணத்தை விட இந்த அலைச்சலே பெரிய தண்டனையாக இருக்கிறது. சட்டத்தில் எழுதப்படாத இந்தத் தண்டனையை எந்த நீதவானும் விதிக்கவில்லை.

இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரசாங்கத்தின் இணையக் கட்டண வசதியான கவ்பே (GovPay) முறையில் கைத்தொலைபேசி மூலம் வீதியிலேயே தண்டம் செலுத்தி அனுமதிப்பத்திரத்தை அந்த இடத்திலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, 2025 ஏப்ரலில் குருநாகல் – அநுராதபுரம் வீதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. குடாநாட்டின் ஒவ்வொரு பொலிஸ் பிரிவிலும், இரவுக் கடமையில் நிற்பவர் உட்பட ஒவ்வொரு போக்குவரத்து உத்தியோகத்தரும் அதை நடைமுறைப்படுத்தக் கூடியவராக இருக்க வேண்டும். கவ்பேயில் பணம் கட்டிய குறுஞ்செய்தியைக் காட்டிய பின்னும் அனுமதிப்பத்திரத்தைத் தடுத்து வைக்கக் கூடாது. எங்களில் பாதிப்பேர் சாதாரணப் போன் வைத்திருக்கும் வயதானவர்கள். அவர்களுக்காகத் தபாற்கந்தோர் வழியும் இருக்கட்டும். அப்படிக் கட்டியவர்கள் தமக்கு அண்மையிலுள்ள எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள வழி செய்ய வேண்டும். 2025 ஓகஸ்ட் தபால் வேலைநிறுத்தம் போன்ற நாட்கள் 14 நாள் கணக்கில் சேருமா என்பதற்கு ஒரு நிலையான விதி வேண்டும். அந்தந்த நேரத்து அறிவிப்பை நம்பிச் சாரதி இருக்க முடியாது.

சாரதிகளின் குற்றங்களுக்குப் புள்ளி போட்டு, புள்ளி நிறைந்ததும் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் முறை பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அந்த முறையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் இன்றைய நிலைமையில் அது வந்தால் எங்களுக்கு நேரப்போவதை நினைத்துப் பயப்படுகிறோம். செய்யாத குற்றத்துக்கும், விளங்காத சீட்டுக்கும், அனுமதிப்பத்திரம் திரும்பி வந்தால் போதும் என்று பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தரிப்பிடங்களில் நிறையப் பேர். நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டு மூன்று நாள் உழைப்புப் போகும், சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும் என்பதே காரணம். கட்டிய ஒவ்வொரு தண்டமும் ஒப்புக்கொண்ட குற்றமாக எண்ணப்பட்டுப் புள்ளியாகச் சேர்ந்தால், கடைசியில் போவது அவருடைய பிழைப்பு. எனவே புள்ளி முறை வடக்கில் நடைமுறைக்கு வருமுன், தமிழில் எழுதப்பட்ட சீட்டும், புள்ளியை எதிர்த்து மேன்முறையீடு செய்ய யாழ்ப்பாணத்திலேயே ஓர் இடமும், தன் கணக்கில் எத்தனை புள்ளி என்று சாரதி பார்க்கக் கூடிய வசதியும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். கொழும்புக்கு வந்து முறையிடு என்று சொல்லும் மேன்முறையீடு எங்களுக்குக் கிட்டாது.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். முச்சக்கரவண்டிக்கு எங்கும் மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது எங்களுக்குத் தெரியும். காருக்குக் குடியிருப்புப் பகுதியில் 50, வெளியே 70. ஆனால் எங்களோடு அதே வீதியில் ஓடும் அந்தக் கார்ச் சாரதிக்கு, பருத்தித்துறை வீதியிலோ பலாலி வீதியிலோ குடியிருப்புப் பகுதி எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பலகை எத்தனை இடத்தில் இருக்கிறது? வேகமானியோடு மரநிழலில் நிற்பதற்கு முன், அந்த வீதியில் பலகை நடப்பட வேண்டும்.

2025 ஜனவரியில் 'கிளீன் சிறீலங்கா' திட்டத்தோடு சேர்த்து வாகனங்களின் மேலதிகப் பொருத்துகள் கழற்றப்பட்டன. எது ஆபத்து, எது அலங்காரம், எது அனுமதிக்கப்பட்டது என்ற பட்டியல் தமிழில் எங்கள் கைக்கு இன்றுவரை வரவில்லை. முன் கம்பி, மேலதிக லைற், பின் இருக்கையின் ஓரத் தடுப்பு, முன்கண்ணாடியின் மூலையில் நல்லூர் முருகன் படம் என்று ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் ஒவ்வொரு விதி. ஒரு சந்தியில் விட்டது அடுத்த சந்தியில் குற்றமாகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒரே பட்டியலைத் தமிழில் வெளியிட்டு, மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் ஒட்டினால் இந்தச் சச்சரவு அன்றோடு முடியும்.

பொலிஸாரின் நடத்தை பற்றி எழுதும்போது குளப்பிட்டியை நாங்கள் தவிர்க்க முடியாது. 2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது பிறகு வெளிவந்து, பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் கைது செய்யப்பட்டனர். அன்றிலிருந்து இரவில் எங்கோ ஒரு டோர்ச் வெளிச்சம் அசைந்தால், மறிப்பவர் யார், நிற்பதா ஓடுவதா என்ற பதற்றம் இந்த மண்ணில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. நிற்கச் சொன்னால் நிற்பது சாரதியின் கடமை. அதை நாங்கள் மறுக்கவில்லை. மறிப்பவர் சீருடையோடு, ஒளிரும் மேலங்கியோடு, வெளிச்சமுள்ள இடத்தில், தடுப்பும் பலகையும் வைத்து நின்றால் பதற்றம் பாதி தீரும். நிற்காமல் போகும் வண்டியின் இலக்கத்தைக் குறித்து வழக்குப் போடலாம். உயிருக்கு ஆபத்தில்லாத வீதிக் குற்றத்துக்குத் துப்பாக்கி நீளக் கூடாது என்ற எழுத்துமூலக் கட்டளை வடக்கிலுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

நோயாளியோடு போகும் வண்டியை மறிக்கும் முறையும் மாற வேண்டும். வயிற்று வலியில் துடிக்கும் கர்ப்பிணியைப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற உறுப்பினர் ஒருவரை வழியில் மறித்து, ஆவணமெல்லாம் பார்த்து முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெண்ணின் தாயார் வீதியில் இறங்கிக் கைகூப்பியிருக்கிறார். வண்டி இலக்கத்தை எழுதிக்கொண்டு விட்டிருக்கலாம். சாரதி மறுநாள் தானே பொலிஸ் நிலையத்துக்குப் போயிருப்பார். நோயாளி இருக்கும் வண்டியை உடனே விட்டு, பிறகு விசாரிக்கும் விதி வேண்டும்.

இலஞ்சம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கொடுக்கும் உறுப்பினரைச் சங்கம் பாதுகாக்காது என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம். கேட்பவர் மீது முறைப்பாடு செய்யும் சாரதியை அடுத்த வாரமே அதே சந்தியில் மறித்துப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மேலதிகாரிகள் எழுத்தில் ஏற்க வேண்டும். சோதனையைச் சாரதியோ பயணியோ கைத்தொலைபேசியில் பதிவு செய்தால் போனைப் பறிக்க அதிகாரம் உண்டா? சீருடை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு ஆவணம் காட்ட வேண்டுமா? அனுமதிப்பத்திர அட்டை இன்னும் அச்சாகி வராமல், திணைக்களம் தந்த தற்காலிகப் பத்திரத்தோடு ஓட்டுபவரிடம் அட்டை எங்கே என்று கேட்டுச் சீட்டு எழுதலாமா? வீதியில் ஒருவர் ஒரு பதிலும் இன்னொருவர் வேறொரு பதிலும் சொல்லும் கேள்விகள் இவை. இவற்றுக்கு உங்கள் கையொப்பத்தோடு, தமிழில், எழுத்துமூலப் பதில் வேண்டும். அந்தப் பதிலைப் பிரதி எடுத்து ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நாங்களே ஒட்டுவோம்.

மாவட்டச் செயலகத்தில் இம்மனுவைப் பெறும் மூன்று தரப்பாரும் எமது பிரதிநிதிகளும் சேர்ந்து அமரும் கலந்துரையாடல் ஒன்றை ஒரு மாதத்துக்குள் ஏற்பாடு செய்து தருமாறு அரசாங்க அதிபரைக் கேட்டுக்கொள்கிறோம். தனியார் பஸ், ஹயஸ் வான், லொறிச் சாரதிகளின் பிரதிநிதிகளையும் அழைப்பது நல்லது. இந்தச் சிக்கல்கள் அவர்களுக்கும் பொதுவானவை. எழுத்துமூலப் பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குடாநாட்டில் எழுதப்பட்ட தண்டச்சீட்டுகளில் எத்தனை தமிழில் எழுதப்பட்டன என்ற கேள்வியோடு தொடங்கி ஒவ்வொன்றாக விண்ணப்பிப்போம். மொழி உரிமை மீறப்பட்ட சீட்டுகளின் பிரதிகளை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் கையளிப்போம். உறுப்பினர்களிடமிருந்து அந்தப் பிரதிகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் தரிப்பிடப் பிரதிநிதிகள்
யாழ்ப்பாணம்