கறுத்த இஞ்சிப் பியர்

ஐப்பசி, கார்த்திகை மழை கொழும்பை நனைக்கத் தொடங்கியதும் கொட்டாஞ்சேனை இல்லங்களில் நத்தார் ஆயத்தங்கள் ஆரம்பமாகிவிடும். கேக்குக்கு உரிய உலர்பழங்களை நறுக்கி ஊறவைப்பதோடு, இஞ்சிப் பியர் காய்ச்சி வைப்பதும் பல குடும்பங்களின் வழக்கம். மேல்நாட்டார் இலையுதிர் காலத்தில் வீட்டில் வடிக்கும் கருநிறப் பியருக்கு இதுவே நம் அடுக்களையின் இணை எனலாம்.

பியர் என்ற பெயரைக் கேட்டுச் சகோதரிகள் முகஞ் சுளிக்க வேண்டாம். வாற்கோதுமையில் வடிக்கும் பியர் வேறு. நுவரெலியாவில் அது 1881ஆம் ஆண்டிலேயே ஆலைத் தொழிலாகத் தொடங்கியது. உத்தரவுப் பத்திரமின்றி மதுபானம் வடிப்பதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. நாம் நாடுவது வெறியன்று, காரமும் நுரையுமே.

இஞ்சிப் பியரின் இரகசியத்தை ஆராய்ந்தவருக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோயை ஆராய 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். அவரே பின்னர் இங்கிலாந்தில் இஞ்சிப் பியர்க் கட்டியை ஆராய்ந்து, அதில் மதுவமும் ஒருவகைப் பற்றீரியாவும் கூடி வாழ்கின்றன என 1892ஆம் ஆண்டில் எழுதினார். மதுவம் சீனியை உண்டு காபனீரொட்சைட்டையும் மதுசாரத்தையும் வெளியிடுகிறது. நுரைக்குக் காரணம் முன்னது. எச்சரிக்கைக்குக் காரணம் இரண்டுமே.

செய்முறை இதுவாகும். இரண்டு மேசைக்கரண்டி மல்லியைக் கருகவிடாமல் நன்கு கருஞ்சிவப்பாக வறுத்து இடித்துக் கொள்ளுக. 200 கிராம் இஞ்சியைத் தட்டி, மல்லி, ஒரு துண்டு கறுவா, ஆறு கராம்பு ஆகியவற்றுடன் 4 லீற்றர் நீரில் அரைமணி நேரம் கொதிக்க விடுக. 400 கிராம் பனங்கட்டியை அதில் கரைத்து, மண் போக வடித்தெடுக்க. வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி உகந்தது. இல்லையேல் கித்துள் கருப்பட்டி. நிறமும் மணமும் இவற்றாலும் மல்லியாலுமே வருகின்றன.

நீர் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழாக ஆறிய பின்னரே இரண்டு தேசிக்காயின் சாற்றையும் கால் தேக்கரண்டி மதுவத்தையும் சேர்க்க வேண்டும். கொதிநீரில் இட்டால் மதுவம் மடிந்துவிடும். பாத்திரத்தைத் துணியால் மூடி ஒரு நாள் வைத்து, மீண்டும் வடித்துப் போத்தல்களில் ஊற்றுக. ஒவ்வொரு போத்தலிலும் நான்கு விரல் அளவு இடம் வெறுமையாக இருத்தல் அவசியம்.

இனித்தான் கவனம் வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்கள் போத்தலை ஒரு வாரம், இரு வாரம் வைக்கச் சொல்லும். அது குளிர்நாட்டுக் கணக்கு. கொழும்பில் இலையுதிர் காலமும் இல்லை, அதன் குளிரும் இல்லை. 30 பாகை வெப்பத்தில் மதுவம் பன்மடங்கு விரைவாகத் தொழிற்படும். அந்தக் கணக்கை நம்பி இறுக மூடிய கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சிதறினால் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே நாட்காட்டியைப் பாராது போத்தலைப் பாருங்கள். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றி, சில மணிக்கொரு முறை அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளே போதும். குளிர் மதுவத்தை உறங்க வைக்குமேயன்றிக் கொல்லாது. ஆகையால் மூன்று நான்கு நாட்களுக்குள் அருந்தி முடிப்பதே நன்று. மூடியையும் மெல்ல மெல்லவே திறக்க வேண்டும்.

நாள் ஏற ஏற மதுசாரமும் ஏறும் என்பதை மறவாதீர்கள். சிறுவர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், மதுவை விலக்கியவர்க்கும் இதனைப் பரிமாறலாகாது. அவர்களுக்காக மதுவம் சேர்க்குமுன் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் குளிரவைத்து, சிறிது தேசிக்காய்ச் சாறும் சோடாவும் கலந்து கொடுங்கள். அதே நிறமும், அதே காரமும், அதே நுரையும் கிடைக்கும். பண்டிகைப் பந்தியில் வேற்றுமை தோன்றாது. வீட்டுத் தலைவியின் மனத்திலும் அச்சம் இராது.