வேகத்துக்கு விலை யார் தருவது?

கார் என்றால் மிராசுதாரர் வீட்டு வாசலில் நிற்பது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று ஆலைத் தொழிலாளியும் தவணை கட்டிக் கார் வாங்குகிறான். அதுவும் பாய்ந்து செல்லும் செடான் கார்! மகிழ்கிறோம். உழைப்பவனுக்கு வேகத்தில் ஆசை கூடாதா? தாராளமாக இருக்கட்டும். அந்த ஆசையைக் காட்டி அவன் சட்டைப்பையைக் காலி செய்வோரைப் பற்றித்தான் எச்சரிக்கிறோம்.

2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் சிறிய என்ஜின் 999 சி.சி., மூன்றே சிலிண்டர். டர்போவின் துணையால் 115 குதிரைத் திறன் தருகிறது. "கம்ப்யூட்டரை ரீமேப் செய்தால் இன்னும் பாயும், மைலேஜும் கூடும்" என்கிறார்கள். பாயும், உண்மை. எதனால்? டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூடுதலாக எரிகிறது. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். பாயவும் வேண்டும், பெட்ரோலும் மிஞ்ச வேண்டும் என்றால் எப்படி? மெதுவாக ஓட்டினால் மிஞ்சுமாம்! மெதுவாக ஓட்டுபவனுக்கு ரீமேப் எதற்கு?

செலவு அத்தோடு நிற்பதில்லை. என்ஜின் 'நாக்கிங்' இல்லாமல் ஓட விலையுயர்ந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்பதுண்டு. கிளட்ச் சீக்கிரம் தேயும். பழுது வந்தால் வாரன்டி இல்லையென்று கம்பெனி கைவிரிக்கலாம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் மறந்துவிடலாகாது.

பின் என்ன செய்வது? இருக்கும் திறனை வீணாக்காதிருப்பதே முதல் வேலை. டயரில் காற்றுக் குறைந்தால் என்ஜினின் உழைப்பு சாலையிலேயே கரைகிறது. அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், தப்பிய அலைன்மென்ட், டிக்கியில் சுமக்கும் வேண்டாத சாமான் - இவையெல்லாம் திறனையும் காசையும் தின்னும் திருடர்கள். முதலில் இவர்களைப் பிடியுங்கள்!

அடுத்து, பாய்வதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தை 90 ஆக்கினால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு! ஆகவே கையில் மிஞ்சும் காசு நல்ல டயருக்கும், புது பிரேக் பேடுக்கும், பிரேக் ஆயிலுக்கும் போகட்டும்.

பந்தய ஆசை இன்னும் தீரவில்லையா? அதற்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. நெடுஞ்சாலை பந்தயத் தளமன்று. அங்கே ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருபவனும் நம் தோழன்தான்!