ஸ்டிக்கர் ஒரிஜினல், பேட்டரி?

போன வருஷம் சித்திரை மாசம், உச்சி வெயில் நேரம். அம்மா கட்டில்ல படுத்திருந்தாங்க. பக்கத்துல ஸ்டூல் மேல லேப்டாப் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்தது. மோட்டார் ரூமிலிருந்து நான் உள்ளே வந்தப்போ ஒரு வாடை. வயர் கருகுற வாடையும் இல்லை, பிளாஸ்டிக் எரியுற வாடையும் இல்லை, ரெண்டும் கலந்த மாதிரி. லேப்டாப்பின் அடியில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. ஸ்விட்சை அணைத்து, சாக்கால் பிடித்து, வாசல் தாண்டிக் கொண்டுபோய் மணல் குவியல் மேல வைத்தேன். வைக்கோல்போர் முப்பது அடி தூரத்தில்தான் இருக்கு. அது நினைவுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனேன்.

சூடு ஆறினப்புறம் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால், அதன் கறுப்பு டப்பா ஒரு பக்கம் உருகி வளைந்து கிடந்தது. வாங்கிப் பதினோரு மாசம்தான் ஆகியிருந்தது. மேலே லேப்டாப் கம்பெனியின் பேர், முத்திரை, ஹோலோகிராம் எல்லாம் ஜம்முன்னு இருந்தது. "சார், பக்கா ஒரிஜினல்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க.

கடைக்குத் திரும்பப் போனேன். பில் இருக்கான்னு கேட்டாங்க. என்கிட்ட இருந்தது வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதின ஒரு துண்டுச் சீட்டு. கடை பேரும் இல்லை, நம்பரும் இல்லை. அங்கேயே விஷயம் முடிஞ்சுது. உரக்கடையில் பில் இல்லாம பூச்சிமருந்து வாங்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆள் நான். வெட்கமாத்தான் இருந்தது.

ஏன் இந்தப் பழைய லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுவணும்னு கேட்பீங்க. மக காலேஜில் சேர்ந்தப்போ வாங்கினது. அவ வேலைக்குப் போய் புதுசு வாங்கிக்கிட்டா, இது என்கிட்ட வந்தது. சாகுபடிக் கணக்கு, இந்தப் பக்கத்துக்கு எழுதுறது, பட்டா சிட்டா பார்க்கிறது எல்லாம் இதில்தான். வேகம் கம்மி, ஆனா ஓடுது. உங்க வீட்டில் கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கும். எங்களுக்கு எப்போ போகும், எப்போ வரும்னு சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப் எங்க ஊரில் பாதி லேப்டாப்தான். 2011-ல் ஆரம்பிச்ச திட்டத்தில் அரசாங்கம் பிள்ளைங்களுக்குக் கொடுத்த லேப்டாப் எங்க தெருவிலேயே நாலு வீட்டுப் பரண்ல கிடக்கு. மத்தது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பேட்டரி போயிருக்கும். அதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் செலவு பண்ணலாமா, பண்ணினா நிக்குமான்னு தெரியாம அப்படியே விட்டுட்டாங்க.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு, அனகாபுத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. பல்லாவரத்தில் ரயில் இறங்கி பம்மல் வழியா பஸ். ஊரை இப்போ தாம்பரம் மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க. நான் சின்ன வயசில் போனப்போ தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். இப்போ எங்கேயோ ஒண்ணு ரெண்டு. வாழைநாரில் நெய்யுறவங்க சிலர் அந்தப் பேரைக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க.

மாமாவும் தறிக்காரர்தான். அந்தக் காலத்தில் இங்கேயிருந்து நைஜீரியாவுக்குப் போன கட்டம்போட்ட துணியை நெய்தவர். நான் பேட்டரிக் கதையைச் சொன்னதும் சிரிச்சிட்டார்.

"எங்க துணிக்குப் பேரே ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்டா. பேர்லயே ரியல். அப்புறம் மெஷின்ல அடிச்சவனும் அதே கட்டத்தைத்தான் போட்டான்."

"அப்ப எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?"

"கரையைப் பாரு. தறியில துணி விறைப்பா நிக்க ரெண்டு பக்கமும் ஊசிக் கட்டை போடுவோம். அந்த ஊசி குத்தின தடம் கரையோரத்துல இருக்கும். லேபிள யாரு பார்த்தா?"

சாயங்காலம் பேட்டரியைக் காட்டலாம்னு மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். "ணா, இத வீட்டுக்குள்ள வெச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டுட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, வெளியே உட்கார்ந்து டப்பாவைப் பிரிச்சான். (நீங்க பிரிக்காதீங்க. ஸ்க்ரூடிரைவர் செல்லில் குத்திடுச்சுன்னா உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.) உள்ளே ஆறு செல். 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனாலதான் அதுக்குப் பேரே 18650. நாலு செல் பச்சை, ரெண்டு நீலம். பழைய பேக்கிலிருந்து பிடுங்கி, புது டப்பாவில் அடைச்சிருக்காங்க. செல்லோட ஒட்டி இருக்க வேண்டிய, சூட்டை அளக்கிற மிளகு சைஸ் சென்சாரையும் காணோம். சூடு ஏறினா சார்ஜை நிறுத்தச் சொல்றது அதுதான்.

ஒரே வண்டியில் ஒரு இளங்காளையும் ஒரு கிழட்டு மாடும் பூட்டின மாதிரி. வலுவில்லாத செல் சீக்கிரம் நிரம்பிடும், மத்தது இன்னும் கேட்கும். காவலுக்கு இருக்கிற போர்டும் மட்டமா இருந்தா, நிரம்பினதுக்கு மேலேயும் ஏறிக்கிட்டே இருக்கும்.

இந்த விஷயத்தில் படிச்சவங்க எல்லாரும் சொல்ற அறிவுரை, "எப்பவும் கம்பெனி ஒரிஜினலே வாங்குங்க". நான் வாங்கினதும் ஒரிஜினல்னு நம்பித்தானே! எட்டு ஒன்பது வருஷ மாடலுக்கு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டா முக்கால்வாசி இல்லைன்னுதான் வரும். வெளியே கடையில் மட்டும் அதே "ஒரிஜினல்" எங்கிருந்து முளைக்குது? முளைச்சது நிஜமாவே ஒரிஜினலா இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கு. அது எந்த வருஷம் செஞ்சது?

விதைநெல் வாங்குறப்போ மூட்டையில் சான்று அட்டை தொங்கும். சான்று விதைன்னா நீல நிறம். மூட்டையில் இருக்கிற அட்டைகளில் முளைப்புத்திறன், சோதனை செஞ்ச தேதி, எதுவரை செல்லும் எல்லாம் இருக்கும். நெல்லுக்கு முளைப்பு குறைஞ்சது 80 சதவீதம், சோதனை செஞ்ச நாளிலிருந்து 9 மாசம்தான் கணக்கு. எவ்வளவு உயர்ந்த ரகமா இருந்தாலும் அஞ்சு வருஷம் குடோனில் கிடந்த விதையை எவனும் நாத்தங்காலில் விடமாட்டான். லித்தியம் பேட்டரியும் விதை மாதிரிதான், சும்மா கிடந்தாலே கிழடாகும். வெயில் சூட்டில், முழு சார்ஜோட கிடந்தா இன்னும் வேகமா. 2017-ல் செஞ்சு எங்கேயோ தகர ஷெட்டில் கிடந்த "சீல் பிரிக்காத" ஒரிஜினலைவிட, போன மாசம் செஞ்ச நல்ல வெளிக்கம்பெனி பேட்டரி மேல்.

வெளிக்கம்பெனின்னா எல்லாம் ஒண்ணு இல்லை. தன் சொந்தப் பேரைப் போட்டு, விலாசம் போட்டு, ஒரு வருஷம் வாரண்டி கொடுத்து விக்கிறவன் ஒரு வகை. அடுத்தவன் பேரை ஒட்டி விக்கிறவன் இன்னொரு வகை. ரெண்டையும் "டூப்ளிகேட்"னு ஒரே வார்த்தையில் சொல்றதுதான் எனக்குப் பிடிக்கலை. டிராக்டருக்கு வெளிக்கம்பெனி ஃபில்டர் எத்தனையோ தடவை போட்டிருக்கேன். தன் பேரில் விக்கிறவனுக்கு அந்தப் பேரைக் காப்பாத்தணும்கிற பயம் இருக்கும். அடுத்தவன் பேரில் விக்கிறவனுக்கு என்ன பயம்?

ஒரிஜினலும் கவுந்திருக்கு. 2006 ஆகஸ்டில் டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பேட்டரியைத் திரும்பக் கேட்டுச்சு, அதே மாசம் ஆப்பிள் 18 லட்சம். எல்லாம் சோனி செஞ்ச செல். செய்யும்போது உள்ளே கலந்த உலோகத் துகளால் ஷார்ட் ஆகிச் சிலது தீப்பிடிச்சது. லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்ததே அந்த சோனிதான். அவங்களுக்கே இந்த கதி. ஆனா ஒண்ணு, கூப்பிட்டு வாங்கிக்க ஒரு விலாசம் இருந்தது. என் துண்டுச் சீட்டில் என்ன இருந்தது?

சரி, மாமா சொன்ன கரை பேட்டரியில் எது? அந்தப் பையனும் நானும் ஒரு டீ குடிச்சு முடிக்கிறவரைக்கும் இதைத்தான் பேசினோம். லேபிளில் வோல்ட், எம்ஏஎச், வாட் அவர் மூணும் இருக்கும். பெருக்கிப் பார்த்தா ஒத்துப்போகணும். என்னுடையதுக்கு 10.8 வோல்ட், 4400 எம்ஏஎச், அப்போ 47 அல்லது 48 வாட் அவர். மூணு ஜோடியா ஆறு செல் இருக்கிற பேக்கில், செல் ஒண்ணுக்கு 2200. இதே ஆறு செல் டப்பாவில் 9000 எம்ஏஎச்னு போட்டிருந்தா செல்லுக்கு 4500 வரணும். பேர் வாங்கின கம்பெனியோட செல்லே 3500 பக்கம்தான் நிக்கும். அதைப் பார்த்ததும் கீழே வெச்சிடலாம்.

கையில் எடுத்து எடையும் பார்க்கலாம். ஒரு நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். ஆறு செல்லும் டப்பாவும் சேர்ந்து முந்நூறு கிராமை ஒட்டி வரணும். காய்கறிக் கடைத் தராசு போதும்.

அப்புறம் பிஐஎஸ் நம்பர். மோட்டாருக்கு ஐஎஸ்ஐ பார்க்கிற மாதிரி, இந்த மாதிரி பேட்டரிக்கு நம்ம நாட்டில் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046-ன்னு தரம், கூடவே ஆர்-ல் ஆரம்பிக்கிற ஒரு பதிவு எண். பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதில் அந்த எண்ணைப் போட்டா யாருடைய பதிவுன்னு காட்டும். எண்ணையும் திருடி ஒட்டலாம்தான். ஆனா லேபிளில் ஒரு பேர், ஆப்பில் வேற பேர் வந்தா மாட்டிக்குவான். செஞ்ச மாசம், வருஷம், இறக்குமதி செஞ்சவன் விலாசமும் அட்டையில் இருக்கணும். இல்லாததை நான் இனி தொடுறதில்லை.

வாங்கினதுக்கு அப்புறம் ஒரு சோதனையும் இருக்கு. விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அந்தக் கமாண்டை உங்க வீட்டுப் பிள்ளைங்களே அடிச்சுக் கொடுக்கும். செஞ்சப்போ எவ்வளவு கொள்ளளவு, இப்போ முழுசா ஏறினா எவ்வளவுன்னு ரெண்டு எண் வரும். புதுசுக்கு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். அந்த எண்ணைச் சொல்றது பேட்டரிக்குள்ள இருக்கிற போர்டுதான், அதைப் பொய் சொல்ல வெக்கவும் முடியும். அதனால முழுசா ஏத்தி, சார்ஜரைக் கழற்றி, எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு கடிகாரம் வெச்சுப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள பார்த்துடணும்.

நான் கடைசியில் வாங்கினது 2,200 ரூபாய்க்கு, சொந்தப் பேர் போட்ட ஒரு வெளிக்கம்பெனி பேட்டரி. பில்லோட, ஒரு வருஷ வாரண்டியோட. வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் ரெண்டரை மணி நேரம் நிக்குது. குறை இல்லாம இல்லை. 12 சதவீதம்னு காட்டிக்கிட்டே இருந்து பொட்டுன்னு அணைஞ்சிடும், அதனால 20-லேயே சேவ் பண்ணிடுறேன். கட்டில் பக்கம் இப்போ எதையும் சார்ஜ் போடுறதில்லை.

புது மாடல் லேப்டாப் வெச்சிருக்கிற உங்களுக்கு நான் இதே யோசனையைச் சொல்லமாட்டேன். அதில் பேட்டரி உள்ளே இருக்கும், தட்டையான பை மாதிரி செல், கெட்டா பூரி மாதிரி உப்பும். மாடல் இன்னும் விற்பனையில் இருந்தா, நாலாயிரம் ஆனாலும் சர்வீஸ் சென்டரிலேயே போட்டுக்கோங்க. தன் பேட்டரி இல்லைன்னா சார்ஜே ஏறவிடாத லேப்டாப்பும் இருக்கு. அது பாதுகாப்புக்குன்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை இல்லை. மாடலை நிறுத்தி, பேட்டரியையும் நிறுத்தி, அடுத்தவன் பேட்டரியையும் ஏறவிடலைன்னா, காசு கொடுத்து வாங்கின பொருள் யாருடையது? ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18-லிருந்து இந்த மாதிரி சாதனங்களில் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாத்துற மாதிரி இருக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க. இங்கேயும் வந்தா எங்க தெருப் பரண்ல பாதி காலியாகும்.

உருகின அந்தப் பழைய பேட்டரியைப் பையனே வாங்கி வெச்சுக்கிட்டான், மணல் போட்ட ஒரு பெயின்ட் டப்பாவில். மாசத்துக்கு ஒரு தடவை மறுசுழற்சிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்களாம். "இரும்புக் கடையில போட்டுடாதீங்கணா, அவங்க சுத்தியால அடிச்சுப் பிரிப்பாங்க"ன்னான்.

போன வாரம் பரண்ல கிடந்த லேப்டாப்பில் ஒண்ணை எதிர்வீட்டுப் பெரியப்பா இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார், பேத்திக்கு வேணுமாம். அதன் பேட்டரி லேபிளைப் போட்டோ எடுத்து அனகாபுத்தூருக்கு அனுப்பியிருக்கேன். பையன் இன்னும் பதில் போடலை.