கடலும் காற்றும் யாருக்கு?

தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சிறு நிலையம் துவக்கி வைக்கப்பட்டது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கும் நிலையம் அது. எடை போட்டால் மணிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு இதைக் கொண்டு மின்சாரம் தருவது திட்டம்.

அளவு சிறியதுதான். ஆனாலும் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள பிராணவாயுவையும் எரிக்காமலே சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தை, 1839-ம் ஆண்டிலேயே வில்லியம் குரோவ் என்ற விஞ்ஞானி செய்து காட்டினார். அதில் புகையில்லை, சாம்பலில்லை. மின்சாரமும் சூடும் தண்ணீருமே மிஞ்சும்.

புகை என்றால் என்னவென்று தூத்துக்குடி மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1979 முதல் அனல் மின் நிலையத்தின் சாம்பலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். தாமிர உருக்காலையின் நஞ்சை எதிர்த்து வீதிக்கு வந்தபோது, 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். எனவே புகையற்ற தொழில் இக்கரைக்கு வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் யாருக்காக வருகிறது, யாருடைய தண்ணீரைக் கொண்டு வருகிறது என்று கேட்பதும் நமது கடமை.

2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்வது குறிக்கோள். இதற்கான மூன்று துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில், சிங்கப்பூரின் செம்ப்கார்ப் கம்பெனி தூத்துக்குடியில் 36,238 கோடி ரூபாய் முதலீடு செய்யும் என்றும், 1,511 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பாருங்கள்: ஒரு வேலைக்கு ஏறக்குறைய 24 கோடி ரூபாய்! இந்தியாவில் செய்யும் பசுமை அம்மோனியாவை ஜப்பானுக்கு அனுப்ப அதே கம்பெனி அந்நாட்டுக் கம்பெனிகளோடு உடன்பாடும் செய்துகொண்டிருக்கிறது.

அம்மோனியா எதற்கு? யூரியா உரத்துக்கு மூலப்பொருள் அதுதான். நமது நாடோ யூரியாவையும் இறக்குமதி செய்கிறது. யூரியா செய்யத் தேவையான இயற்கை எரிவாயுவையும் இறக்குமதி செய்கிறது. நமது வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் அம்மோனியா கப்பலேறிப் போக, நமது விவசாயிக்கான உரம் கப்பலில் வந்து இறங்குவது என்ன நியாயம்? ஏற்றுமதியே கூடாது என்பதல்ல நமது வாதம். முதல் பங்கு இந்நாட்டு வயலுக்கு என்பதே.

இந்தக் கரைக்குப் பங்கு என்ற சொல் புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் முத்துக் குளிப்பு நடந்தபோது, மூச்சடக்கிக் கடலடி சென்று சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்ற சர்க்காருக்கு இரண்டு பங்கு. 1961-க்குப் பின் முத்துக் குளிப்பே நின்றுவிட்டது. குளித்தவன் பரம்பரை இன்றும் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறது. காற்றையும் கடலையும் கொண்டு வரும் புதுச் செல்வத்தில் இக்கரை மக்களுக்கு அந்த ஒரு பங்காவது உண்டா?

அடுத்தது தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு 4,500 கோடி லிட்டர். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீரை நாளொன்றுக்கு 2 கோடி காலன் கொடுக்கும் திட்டம் ஏற்கெனவே உண்டு. ஆற்றின் கடைமடையில் இருப்பது ஆத்தூர். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும், முக்காணி வாழையும் இந்த ஆற்றை நம்பியே இருக்கின்றன. மேலே தண்ணீர் குறைந்தால் கீழே உப்பு ஏறும்; கொடிக்கால் காயும்.

"வேறு வழியில்லை" என்று சொல்லவும் முடியாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. அதற்கு வேண்டிய 9 லிட்டரைக் கடல்நீரிலிருந்து எடுக்க ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகாது. ஆகவே ஆற்றைத் தொடாமல் கடலிலிருந்தே எடுக்கட்டும். மிஞ்சும் உப்புக் கழிவை மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் மீதும் மீனவர் வலைகள் மீதும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு உண்மையையும் மக்களிடம் மறைக்கக் கூடாது. 50 யூனிட் செலவிட்டு எடுத்த ஹைட்ரஜனை மின்கலத்தில் இட்டு மீண்டும் மின்சாரமாக்கினால் திரும்பி வருவது மூன்றில் ஒரு பங்குதான். ஆகையால் வீட்டு விளக்கும் பம்புசெட்டும் சூரிய, காற்று மின்சாரத்தில் நேரடியாக ஓடட்டும். ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரத்தை எடுக்க முடியாமல் காற்றாலைகளை நிறுத்த நேர்கிறதே, அந்த வீணாகும் மின்சாரம் ஹைட்ரஜனாகட்டும். உரத்துக்கும், உருக்குக்கும், கப்பலுக்கும் அது பயன்படட்டும்.

தனியார் வந்தால்தான் விஞ்ஞானம் வரும் என்பது பொய். இந்தியாவின் முதல் காற்றாலைத் தொகுதிகளில் ஒன்றை 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் நிறுவியது தமிழ்நாடு மின்வாரியம். லாபக் கணக்கோடு தனியார் வந்தது அதற்குப் பிறகே. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தூத்துக்குடித் துறைமுகத்திலும் அதற்குக் கிளை உண்டு. 2024 பிப்ரவரி 28-ம் தேதி பிரதம மந்திரி தூத்துக்குடியிலிருந்து துவக்கி வைத்த ஹைட்ரஜன் மின்கலப் படகைக் கட்டியது பொதுத்துறையின் கொச்சி கப்பல்கட்டும் தளம். விழா இங்கே நடந்தது. படகு காசிக்குப் போயிற்று. புன்னைக்காயல் மீனவனுக்கு ஏற்ற படகு எப்போது?

எனவே நாம் கேட்கிறோம்:

தாமிரபரணியிலிருந்து ஹைட்ரஜன் ஆலைகளுக்கு ஒரு சொட்டும் எடுப்பதில்லை என்று சர்க்கார் எழுத்து மூலம் உறுதி தரட்டும்.

உற்பத்தியில் முதல் பங்கு நாட்டின் உரத்தேவைக்கு ஒதுக்கப்படட்டும்.

காற்றாலை, சூரிய மின் நிலையங்களுக்காக உப்பளத் தொழிலாளியும் மீனவனும் வெளியேற்றப்படக் கூடாது.

அனல் மின் நிலையங்களின் அலகுகள் மூடப்படும்போது, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் பயிற்சியும் நிரந்தர வேலையும் தரப்படட்டும்.

பொதுத்துறையே இத்தொழிலின் தலைமையை ஏற்கட்டும்.

1908-ல் இதே தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வென்றார்கள். அவர்களுக்குத் துணை நின்ற வ. உ. சிதம்பரனாரின் பெயரைத்தான் இன்று துறைமுகம் தாங்கி நிற்கிறது. வெள்ளையன் கப்பலுக்கு எதிராக அவர் கப்பல் விட்டது, கடல் நம்முடையது என்று நிலைநாட்டுவதற்காக. காற்றும் வெயிலும் நம்முடையவை என்று நிலைநாட்டும் பொறுப்பு இன்று நம்முடையது. கொடிக்கால் விவசாயியும், உப்பளத் தொழிலாளியும், மீனவரும், மின் தொழிலாளியும் ஒன்றுபட்டுக் குரல் கொடுத்தால் அந்தப் பொறுப்பு நிச்சயம் நிறைவேறும்.