மயிலாப்பூர் ஏசியும் என் மோட்டாரும்

குறுவை அறுத்து முடிச்சு, சம்பாவுக்கு நாத்து விட்டுட்டு, போன வாரம் மெட்ராஸ் போயிட்டு வந்தேன். பேத்திக்குக் காதுகுத்து. ராத்திரி மன்னார்குடியில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியக்காலம் எழும்பூர். மகள் வீடு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கம். முன்பெல்லாம் லஸ் முனையிலிருந்து மாட வீதி வரைக்கும் காலாற நடக்கலாம். இப்போது மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்டு, எங்கே பார்த்தாலும் தகரத் தடுப்பு. ரெண்டு பாதை திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கப்போகுதாம். மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு நடை டவுன் பஸ், அதிலும் ஒன்று வந்தால் வரும். சரி, அது வேற கதை.

ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளை கேட்டார். "மாமா, நெல் வயல்லேர்ந்து வர்ற மீத்தேனும் பூமி சூடாகறதுக்கு ஒரு காரணமாமே?"

எனக்குச் சுருக்குனு ஆச்சு. மீத்தேன் என்ற சொல்லுக்கு மன்னார்குடிப் பக்கம் வேற அர்த்தம். 2010இல் வயலுக்கு அடியிலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டார்களே, அந்த மீத்தேன். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலமானார். அந்தத் திட்டத்தை விரட்டின ஊர்க்காரனைப் பார்த்து, "நீங்களும் மீத்தேன் விடுறீங்களே" என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. வயலில் தண்ணீர் கட்டியே கிடந்தால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வைக்கோல், தாள், வேர் எல்லாம் மக்கும்போது மீத்தேன் கிளம்பும். அதே எடை கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், நூறு வருஷக் கணக்கில் அது 28 மடங்கு அளவுக்குச் சூடு ஏற்றும். நாட்டு மொத்தப் புகைக் கணக்கில் விவசாயத்தின் பங்கு ஏறக்குறைய 14 சதவீதம். அதிலும் மாடு ஆடு அசை போடுவதால் வருவதுதான் அதிகம், நெல் அதற்குப் பின்னால்தான். மின்சாரம், பெட்ரோல், டீசல், தொழிற்சாலைக்கு எரிக்கிறது, இதெல்லாம் சேர்ந்த எரிசக்திக் கணக்குதான் முக்கால் பங்கு.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1991இலேயே டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தில் இருந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கேட்டுவிட்டார்கள்: ஏழை நாட்டுக்காரன் சோற்றுக்காக நடுகிற நெல்லிலிருந்து வருவதையும், பணக்கார நாட்டுக்காரன் கார் புகையையும் எப்படி ஒரே தராசில் வைக்கிறீர்கள் என்று. பிழைப்புக்கு விடுகிற புகை வேறு, சொகுசுக்கு விடுகிற புகை வேறு. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனைக் குறைக்கிறோம் என்று பல நாடுகள் கையெழுத்துப் போட்டபோது இந்தியா போடவில்லை. என்னைக் கேட்டால் அது சரிதான். 2070இல் நிகர பூஜ்ஜியம் என்று பிரதமர் அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். ஒரு அமெரிக்கர் வருஷத்துக்கு 14 டன் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறார். இந்தியர் தலைக்கு 2 டன் சொச்சம். நமக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கு.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். அந்த 2 டன் ஒரு சராசரி. என் வயலில் களை எடுக்க வர்ற அக்காவும், வீட்டுக்கு ரெண்டு கார் வைத்திருக்கிறவரும் அதே சராசரிக்குள்தான் நிற்கிறார்கள். வெளிநாட்டுக்காரனிடம் "நாங்கள் ஏழை நாடு" என்று சொல்லும்போது அந்த அக்காவை முன்னால் நிறுத்துகிறோம். உள்ளூரில் கணக்குக் கேட்கும்போது முதலில் நெல் வயலைக் காட்டுகிறோம்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் ஏசிக்குக் கணக்குப் போட்டு மடக்கலாம் என்று பேத்தி நோட்டை எடுத்தேன். ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் எட்டு, பத்து யூனிட். நம்ம நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு. ஆக ஏழு கிலோவுக்குள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "உங்க மோட்டாருக்கும் போடுங்க மாமா" என்றார். ஐந்து ஹெச்பி மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 24 யூனிட். பதினேழு கிலோ! நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி எரிந்துதான் மயிலாப்பூர் அறை குளிருது என்று பேச வந்தவன் நான். என் போர் தண்ணீரும் அதே நிலக்கரியில்தான் ஏறி வருது. அந்த நிலக்கரிக்காகத்தான் 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி வயல்கள் வரைக்கும் ஏலப் பட்டியலில் வந்தன. கூச்சல் போட்டபிறகு எடுத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் என்எல்சிக்காக இயந்திரம் இறங்கினதை எல்லாரும் பார்த்தோம். கட்டணமில்லாத கரண்ட் என்று நாம் சொல்கிறோம். யாரோ ஒரு விவசாயி அதற்கு நிலத்தைக் கொடுத்திருக்கிறான்.

"இலவசம், அதான் வீணாக்குறீங்க" என்று டவுனில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2016இலிருந்து எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்தானே, மயிலாப்பூருக்கும் சேர்த்து? அதை விடுங்கள். நான் மோட்டாரைத் தேவைக்கு மேல் ஓட்டுகிறேன் என்பது உண்மை. ஏன் ஓட்டுகிறேன் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மும்முனை கரண்ட் முறை வைத்து வருது. பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம். எப்போது வரும், எப்போது பாதியில் போகும் என்று நிச்சயம் இல்லை. அதனால் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். வந்தால் தானாக ஓடும், வரப்பு வழிந்தாலும் ஓடும். ஆற்றுத் தண்ணீரும் அப்படித்தான். ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தது. இப்படி இருக்கிறவன், தண்ணீர் கிடைக்கிற அன்றைக்கு வயலில் நிறைய வாங்கி நிறுத்திக்கொள்ளத்தான் பார்ப்பான். நாளைக்கு யார் கண்டது?

மீத்தேனைக் குறைக்க வழி இருக்கு. நம்ம ஆட்களுக்கே தெரிந்த காய்ச்சலும் பாய்ச்சலும்தான். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து வைத்து, உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினபிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கிற நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மண்ணுக்குக் காற்று கிடைக்கும், மீத்தேன் குறையும், மோட்டார் ஓடுவதும் குறையும், வேரும் நன்றாக இறங்கும். ஆனால் காயவிடுகிறவனுக்கு, மறுநாள் பாய்ச்ச முடியும் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை எந்தப் பயிற்சி முகாமிலும் கொடுக்க முடியாது. பகலில் சொன்ன நேரத்துக்கு எட்டு மணி நேரம் நிற்காத கரண்ட் கொடுத்தால் வந்துவிடும்.

சூரியன் பகலில்தான் இருக்கு. பயிருக்கும் பகல் பாய்ச்சல் போதும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேல் விவசாய மோட்டார் இருக்கு. நாட்டின் மின் நிலையத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு இல்லாததாக ஆகிவிட்டது என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் ஓடுகிற கரண்டில் முக்கால் பங்கு அளவுக்கு இன்னும் நிலக்கரியில்தான் வருது. பகல் வெயிலை உடனே வாங்கிக்கொள்ள என் மோட்டார் மாதிரி லட்சக்கணக்கில் காத்திருக்கு. 2019இல் வந்த குசும் திட்டத்தில் சோலார் மோட்டாருக்கு மானியம் உண்டு. நான் எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷமாச்சு. போகும்போதெல்லாம் ஒரு புது ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

எல்இடி பல்பை நினைத்துப் பாருங்கள். 2015இல் உஜாலா திட்டம் வந்தது. மொத்தமாக வாங்கி விலையை இறக்கி 36 கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். யாருக்கும் பருவநிலைப் பாடம் எடுக்கவில்லை. மலிவு, பில் குறையுது, எங்க ஊர்க் குடிசை வரைக்கும் மாறிவிட்டது. விவசாயிக்கு வரும்போது மட்டும் ஏனோ பாடம்தான் முதலில் வருது.

இதற்கு நடுவில் கார்பன் கிரெடிட் என்று ஒருத்தர் கிராமத்துக்கு வந்தார். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்தால் ஏக்கருக்குப் பணம், செல்போனில் குழாயைப் படம் பிடித்து அனுப்பணும் என்றார். அந்த கிரெடிட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். புகை விடுகிற கம்பெனி. வாங்கினபிறகு அவர்கள் புகையைக் குறைப்பார்களா என்றேன். அதுக்குப் பதிலாகத்தானே வாங்குறாங்க என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. வேண்டும் என்கிறவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணம் யாருக்குத்தான் வேண்டாம்.

கிளம்புகிற அன்று மாப்பிள்ளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடி, நல்ல வெயில். சோலார் போடலாம் என்று சங்கத்தில் மூணு கூட்டம் நடந்ததாம். ஒருத்தர் டேங்க் மறைக்கும் என்கிறார், ஒருத்தர் வடாம் எங்கே காயப்போடுவது என்கிறார், வாடகைக்கு விட்டிருக்கிறவர் போனையே எடுப்பதில்லை. 2024இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் இருக்கு, இங்கே பன்னிரண்டு பேர் ஒத்துப்போகணும் என்று அலுத்துக்கொண்டார்.

"நீங்க நாலாவது கூட்டம் போடுங்க மாப்பிள்ளை, நான் இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்று இன்னும் பத்து நாளில் பறிக்கணும். போருக்குப் பக்கத்து மூணு மாவில் மட்டும் இந்த சம்பாவுக்குக் குழாய் புதைக்கிறேன். கரண்ட் ஒத்துழைச்சால் என்ன ஆச்சு என்று தை மாசம் எழுதுறேன்.