சூரியனே மறையாத ஊரில் 'நைட் லைட்' எப்போது ஆன் ஆகும்?

ராத்திரி 11 மணி. நைட் லைட் ஆன்லதான் இருக்கு. ஆனா, போன் திரை பளீர் வெள்ளையாகவே இருக்கு. போன் ரிப்பேரா?

இல்லை. நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஜூன் மாதம் இது நடக்கக்கூடியதுதான். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே உள்ள அந்த ஊரில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கில் வரை சூரியன் மறைவதே இல்லை. 'சூரியன் மறைந்ததும் ஆன் ஆகு' என்று செட் செய்திருந்தால், ஆப் எதைப் பார்த்து ஆன் ஆகும்?

குளிர்காலத்தில் நேரெதிர் சிக்கல். லினக்ஸில் பயன்படும் 'ரெட்ஷிஃப்ட்' சூரியனின் உயரத்தைக் கணக்கிடுகிறது. அடிவானத்துக்கு 3 டிகிரி மேலே போனால்தான் அதற்கு முழுப் பகல்; 6 டிகிரி கீழே இறங்கினால் முழு இரவு. டிசம்பர் கடைசியில் ட்ரோம்சோவில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்குச் சுமார் 3 டிகிரி கீழேதான். அதனால் மதியம் 12 மணிக்கும் திரையில் மஞ்சள் வாடை போகாது.

என்ன செய்யலாம்? முதலில் லொகேஷன், டைம் ஜோன் இரண்டும் சரியா என்று பாருங்கள். சரியென்றால், சூரியனை விட்டுவிட்டு 'கஸ்டம்' நேரத்துக்கு மாறுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை என்று நீங்களே குறித்தால் போதும்.

என் கேள்வி வேறு. நம் தூக்கத்தை சூரியன் முடிவு செய்யும் என்று ஆப்கள் ஏன் நினைக்கின்றன? நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு எந்த ஊரிலும் அந்தக் கணக்கு பொருந்தாதே! 'எஃப்.லக்ஸ்' நீங்கள் எழும் நேரத்தைக் கேட்கிறது. மற்ற ஆப்களும் முதலில் அதைக் கேட்கட்டும்.