பத்துல வந்து குந்தணும்!

கிதார் வாங்குகிற இளைஞர்களை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். கிதார் பீரோ மேலே இருக்கும். அதன் கழுத்தில் ஈர பனியன் தொங்கும். ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்டால், ‘டைம் இல்ல சார்’ என்பார்கள். டைம் எல்லாம் இருக்கிறது. ‘இளைய நிலா’வில் வரும் கம்பி விளையாட்டை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம் என்று நம்பி வாங்கினார்கள், வரவில்லை. அதை வாசித்த ஆர். சந்திரசேகர் எத்தனை வருஷம் விரல் தேய்த்திருப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பட்டியலில் சேராத ஆசாமி ஒருவரை எனக்குத் தெரியும். யானைக்கவுனியில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் போட்டால் அவருடைய மானேஜர் படித்துவிட்டு, ‘ஓஹோ, அதான் கணக்கு டாலி ஆகலையா?’ என்பார். எனவே வேண்டாம். வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை (ஜாதகம் அனுப்ப விரும்புவோர் எனக்கு எழுதலாம்).

யானைக்கவுனி தெரியுமல்லவா? பாலத்துக்குக் கீழே சென்ட்ரல் ரயில்கள். மேலே லாரி, ஆட்டோ, மீன்பாடி வண்டி. பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு. நகரத்துக்கு மதில் கட்டின செலவை ஈடுகட்ட வெள்ளைக்காரன் வரி போட நினைத்து, கடைசிவரை வசூலிக்காமலே விட்டுவிட்டான். அந்த வரியின் பெயர்தான் ரோட்டுக்கு. (இப்போதைய வரிகளுக்கும் இப்படி ஒரு நல்ல முடிவு வரக்கூடாதா?) இந்த இரைச்சலுக்கு நடுவே நம்மவர் கற்றுக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது ஃப்ளமெங்கோ கிதார்!

முதல் சிக்கல் கடையிலேயே ஆரம்பம். நம் ஊரில் மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஹவாயன் இல்லை என்றால் மீதி எல்லாமே ‘ஸ்பானிஷ் கிதார்’தான். நம்பி வாங்கினால் ஸ்டீல் கம்பி இருக்கும். ஃப்ளமெங்கோவுக்கு நைலான் கம்பி வேண்டும். அசல் சரக்கில் முதுகும் பக்கவாட்டும் மெல்லிய சைப்ரஸ் மரம், முகப்பில் விரலால் தட்டுவதற்கென்றே ஒரு தகடு. நம்மவர் சாதாரண நைலான் கிதார்தான் வாங்கினார். தகட்டுக்குப் பதிலாக அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரேயை வெட்டி ஒட்டியிருக்கிறார். வெளிச்சத்தில் பார்த்தால் எலும்பு தெரிகிறது.

ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஆண்டலூசியாவில் பிறந்த இந்தச் சங்கீதத்தில் பாடகர்தான் ராஜா. கிதார் பக்கவாத்தியம். பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் கிதார்க்காரர் தனியாக ஒரு துணுக்கு வாசிப்பார். அதற்கு ‘ஃபால்ஸேட்டா’ என்று பெயர். நம் கச்சேரியில் பாடகர் நிறுத்தினதும் வயலின் வாங்கிக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வயலின் பாடகரின் சங்கதியைத் திருப்பிச் சொல்லும். ஃபால்ஸேட்டா கிதார்க்காரரின் சொந்தச் சரக்கு, அல்லது அப்பாவிடமிருந்து வந்த சொத்து.

பாக்கோ தெ லூசியா (1947-2014) அப்படி வந்தவர்தான். அல்ஹெஸிராஸ் என்ற துறைமுக ஊர்க்காரர். ராயபுரத்துக்காரர்கள் சொந்தம் கொண்டாடலாம். அப்பா ராத்திரிகளில் கிதார் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். பையனை உட்காரவைத்து மணிக்கணக்கில் வாசிக்கவைத்தார். நொட்டேஷன் படிக்காமல் காதால் வளர்ந்த வித்தை அது. நம் இளையராஜா நேர் எதிர்த் திசை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிதார் பரீட்சை தேறியவர். இரண்டு வழியிலும் போய்ச் சேரலாம் போலிருக்கிறது. மூன்றாவது வழியான பீரோவில் மட்டும் போய்ச் சேர முடியாது.

ராகம் ஒன்றும் அந்நியம் இல்லை. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று நாலு கார்டு படி இறங்கிப் பாருங்கள், ஃப்ளமெங்கோ வாசனை வந்துவிடும். ‘ஈ’யை ஸட்ஜமாக வைத்தால் அந்த ஸ்வரங்கள் நம் தோடியினுடையவை. காந்தாரத்தை அரைக் கட்டை ஏற்றினால் வகுளாபரணம். ஸ்வரம்தான் ஒன்று, கமகம் கிடையாது. தோடியை இப்படிக் கம்பி மாதிரி நேராக வாசித்தால் மயிலாப்பூர் மாமாக்கள் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள்.

கஷ்டம் தாளத்தில் இருக்கிறது. ஸொலேயா என்கிற வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12-ல் அழுத்தம். பன்னிரண்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னால் தகிட தகிட தக தக தக. மெட்டு எங்கே சுற்றினாலும் பத்தாவது எண்ணிக்கையில் வீடு வந்து சேர வேண்டும். மீதி இரண்டும் காலாட்டிக்கொள்வதற்கு. புதுசாகக் கற்கிறவர்கள் விரலை மட்டும் கவனித்துவிட்டு இந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள். வெறும் ஸ்வரம் மனப்பாடம், தாளம் அம்போ.

வேகமாகப் பொழிகிறதே, அதற்குப் ‘பிக்காதோ’ என்று பெயர். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாடிப்படி ஏறும் கால் மாதிரி மாறி மாறி வர வேண்டும். ஒரே விரல் இரண்டு தடவை வந்தால் போச்சு. அடித்த விரல் அடுத்த தடித்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். ஆனால் யூட்யூபைப் பார்த்துவிட்டு நேரே இதில் குதிப்பது, சைக்கிள் கற்காமல் புல்லட் ஓட்டுவது மாதிரி. கட்டைவிரலில் ஆரம்பிக்க வேண்டும். தியெகோ தெல் கஸ்தோர் (1908-1973) பெரும்பாலும் கட்டைவிரலை வைத்துக்கொண்டே எளிமையான ஃபால்ஸேட்டாக்களால் ஊரைக் கட்டிப்போட்டவர்.

நம்மவர் முறை இது: முதலில் கிதாரைத் தொடாமல் கைதட்டி வாயால் பாடுவது. அப்புறம் மெட்ரோனோமை அறுபதில் வைத்து, ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு பன்னிரண்டு. தப்பில்லாமல் பத்து தடவை வந்தால்தான் அடுத்தது. ஒரு ரூம், ஒரு கிச்சன், நாலு பேர். பத்தரைக்கு மேல் கம்பிக்கு அடியில், பிரிட்ஜ் பக்கம், கைக்குட்டையைச் செருகிக்கொள்வார். சத்தம் ‘டொக் டொக்’ என்று அடங்கிவிடும். எட்டு மாதத்தில் ஒரு முழு ஃபால்ஸேட்டா.

வீட்டுக்காரர் ராஜஸ்தான் சேட். ஒருநாள் என்ன சத்தம் என்று விசாரிக்க வந்தார். நம்மவர், ஃப்ளமெங்கோவை வளர்த்ததில் ஹிதானோ என்கிற ரோமா மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர்கள் முன்னோர் ஆயிரம் வருஷம் முன்னால் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பி, பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குப் போனவர்கள் என்று விளக்கி, ‘உங்க பக்கத்து ஆளுங்கதான் சேட்ஜி’ என்று முடித்தார். சேட் யோசித்துவிட்டு, ‘நம்ம ஆளு நம்மள் வீட்ல வாசிச்சா ஐநூறு ரூபா ஜாஸ்தி’ என்றாராம்.

அப்பாதான் பெரிய தடை. ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குரூப் ஃபோர் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, பையன் அதைக் கிதாருக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்ததிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் சாப்பாட்டுத் தட்டு மூலமாகத்தான் தொடர்பு. அவர் அந்தக் காலத்தில் தெருவில் கானாவுக்கு டோலக் தட்டினவர் என்பது பையனுக்கே சரியாகத் தெரியாது. ஒரு ராத்திரி பாயில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், திரும்பாமலே சொன்னார்:

‘டேய், பத்துல வந்து குந்த மாட்டேங்குதுடா. பதினொண்ணுல குந்துது.’

நம்மவர் எண்ணிப் பார்த்தார். வாஸ்தவம். கைக்குட்டையை உருவிவிட்டு மறுபடி வாசித்தார். அப்பா எக்ஸ்ரே எடுத்த முழங்காலிலேயே தாளம் போட்டார்.

குரூப் ஃபோர் விண்ணப்பமும் போட்டாகிவிட்டது, அது அப்பாவுக்கு. அடுத்து புலேரியாஸ் ஆரம்பிக்கப் போகிறாராம். அதே பன்னிரண்டுதான், ஆனால் தலைதெறிக்கிற வேகம், கூடவே நாலு பேர் கைதட்ட வேண்டும். சேட்டிடம் இன்னும் சொல்லவில்லை.